இறக்கத்தில் நிற்குமா? குவாட் பைக் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, இராகலைப் பக்கம் எங்களுக்குச் சின்ன மரக்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது. லீக்ஸ், கரட், கோவா போடுகிறோம். மூட்டைகளை ரோட்டுக்குக் கொண்டுபோக இதுவரை தோளும் தலையும்தான். இப்போது ஒருவர் பழைய குவாட் பைக் (நாலு சில்லு மோட்டார் சைக்கிள்) ஒன்றை விற்க வந்திருக்கிறார். எங்கள் மேட்டில் மூட்டையோடு ஓட்டிக் காட்டினார், சுகமாக ஏறியது. முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், இராகலை

பதில்: தம்பி, முற்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். விற்கிறவர் மேட்டில் ஏற்றித்தான் காட்டுவார். என்ஜின் நன்றாக இருந்தால் வண்டி ஏறத்தான் செய்யும். நம்முடைய மலைகளில் ஆபத்து இறங்கும்போதுதான். அதனால் அதே பாதையில் கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் வெறும் வண்டி, பிறகு பாதி மூட்டை. அவரே ஓட்டட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

எக்ஸலேட்டரை விட்டதும் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறதா, சும்மா உருள விடுகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். சின்ன ஒட்டோமெட்டிக் குவாட் பைக்குகள் பலவற்றில் என்ஜின் சுற்று குறைந்ததும் கிளச் தானாகவே விட்டுவிடும். அதற்குப் பிறகு கியரில் இருந்தும் பயனில்லை, முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். வாரத்தில் ஒரு நாள் சமதரையில் விளையாட்டாக ஓட்டுகிறவருக்கு அது போதும். லீக்ஸ் மூட்டையோடு தினமும் பள்ளத்தில் இறங்குகிற உங்களுக்குப் போதாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லலாம்.

அப்புறம் பிரேக். டிஸ்க் பிரேக் என்றால் லிவரை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது, ஏர் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனால், பிரேக் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. அது செலவுள்ள வேலை, விலையில் கழிக்க வேண்டியது. பிரேக் பேட்டைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பகுதி ஒரு மில்லிமீற்றருக்கு வந்திருந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பேட் நிறையத் தேய்ந்து மற்றது அப்படியே இருந்தால், பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற கலிப்பர் சேறு பிடித்து இறுகியிருக்கிறது. பல வண்டிகளின் பின்பக்கத்தில் இரண்டு சில்லுக்கும் சேர்த்து ஒரே டிஸ்க்தான். அது போனால் பின்னால் ஒரு பிடிப்பும் இல்லை. ஆகவே பின் டிஸ்க்கை அவசரமில்லாமல் பாருங்கள். எவ்வளவு தடிப்புக்குக் கீழே தேயக்கூடாது என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

டிரம் பிரேக் என்றால் கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்தக் கையும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி மடங்கிப் போனால் டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கிற ஷூ தேய்ந்திருக்கிறது, எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பிடி வராது. சிலர் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். லிவர் புதுசு மாதிரி இருக்கும், ஷூவோ தீர்ந்துபோயிருக்கும். வாங்குகிறவரின் உயிரோடு விளையாடுகிற வேலை இது. டிரம்மைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. நாட்டுக்குள் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இப்போது கைமாறுகிற பழைய குவாட் பைக்குகளில் பல அந்தத் தடைக்கு முன் வந்தவை. ஓடின தூரம் குறைவாக இருந்தாலும் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் வயதாகிவிடும். பிரேக் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே வெடிப்புத் தெரிந்தால் குழாய் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். சுங்கக் கடதாசியில் உள்ள செசி நம்பரும் வண்டியில் அடித்த நம்பரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரி என்றால் முற்பணம் கொடுங்கள், கையெழுத்தோடு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, கந்தப்பளையில் இருக்கிறேன். காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி எக்ஸலேட்டரை அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் உடனே திரும்பி வருவதில்லை. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. கேபிளுக்கு எண்ணெய் விட்டுத்தான் வைத்திருக்கிறேன், வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான். புதுக் கார்புரேட்டர் போட வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். வாங்கவா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: கார்புரேட்டர் வாங்குவதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் காலையில் எப்படி இருக்கிறது? வெள்ளையாக உறைந்திருக்கும் இல்லையா? ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். தை, மாசியில் புல்லில் உறைபனி விழுகிற நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் கேபிளுக்குள் இருக்கிற எண்ணெயும் அப்படித்தான் உறையும். வெயில் ஏறினதும் இளகிவிடுகிறது. நீங்கள் சொல்கிற அடையாளம் இதோடு அப்படியே பொருந்துகிறது.

அந்தக் கேபிளைக் கழுவி மீட்கப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரோடு பார்த்தால் கேபிளின் விலை மிகவும் குறைவு. புதுசுக்குக் கேபிள் ஸ்ப்ரே அல்லது இலேசான மெஷின் ஒயில் போதும். கெட்டியான கிறீஸ் போட்டால் குளிரில் அதுவும் இறுகும், சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சில கேபிள்களின் உள்ளே வழுக்கும் பூச்சு ஏற்கெனவே இருக்கும், அவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை என்று வண்டியின் கைநூலில் போட்டிருப்பார்கள். அதை ஒருதடவை வாசித்துவிட்டுச் செய்யுங்கள்.

புதுக் கேபிள் போட்டதும் லிவரில் 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடுகிற இடைவெளி இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு இது பொருந்தும், உங்கள் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, போன பாதையை மாற்றிக் கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுத்தால், வளைவில் திருப்புகிற அதே நேரத்தில் வண்டி தானாக வேகம் எடுக்கும். கொண்டைஊசி வளைவில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

லிவர் பக்கம் கேபிள் முனையில் இருக்கிற குண்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள். இழை அறுபடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்ற வேண்டும். கேபிள் மாற்றும் வரைக்கும் வண்டியை எடுக்காதீர்கள், எக்ஸலேட்டர் திரும்பி வராத வண்டியை வயலுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: ஐயா, எல்லவில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வருகிறவர்களுக்காக ஒரு குவாட் பைக் வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் பெட்டரி மாற்றினோம். மழையில் ஆட்கள் வராததால் வண்டி ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆவதில்லை. கடையில் கேட்டால் “நீங்கள் பாவித்த விதம் சரியில்லை, வொரண்டி கிடையாது” என்கிறார்கள். இதற்கு வழியே இல்லையா?
– வாசகி, எல்ல

பதில்: வழி இருக்கிறது தங்கச்சி. ஆனால் முதலில் யார் பக்கம் நியாயம் என்று நாமே பார்த்துக்கொள்வோம். அப்போதுதான் கடையில் தைரியமாகப் பேசலாம்.

பெட்டரியைக் கழற்றி, நல்ல சார்ஜரில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 12 ஆம்பியர்-மணி பெட்டரிக்கு ஏறக்குறைய 1.2 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. காரின் பெரிய சார்ஜரில் போட்டு அவசரமாக ஏற்றினால் சூடாகிக் கெட்டுவிடும். ஏற்றி முடித்துச் சில மணி நேரம் சும்மா வைத்து மீற்றரில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். மறுநாளும் அப்படியே நின்றால் பெட்டரியில் பிழை இல்லை, நின்ற நாட்களில் வடிந்திருக்கிறது. ஒரே இரவில் 12-க்குக் கீழே விழுந்தால் உள்ளே ஏதோ போய்விட்டது. அப்புறம் வண்டியில் பூட்டி என்ஜினைக் கொஞ்சம் முறுக்கி அளந்து பாருங்கள். 13.5-இலிருந்து 14.5 வரை வந்தால் வண்டி ஒழுங்காக சார்ஜ் கொடுக்கிறது. வராவிட்டால் எந்தப் பெட்டரி போட்டாலும் இதே கதைதான், குற்றம் கடைக்காரருடையது இல்லை.

கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். அசிட் ஊற்றிய உடனேயே உங்கள் கையில் கொடுத்தார்களா, முதல் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்களா? புதுப் பெட்டரி அசிட் ஊற்றினதும் முழுமையாக நிறைந்திருக்காது. முதல் சார்ஜைத் தவறவிட்டால் அது ஒருபோதும் தன் முழுப் பலத்துக்கு வராமலே போகலாம். பல கடைகளில் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள், ஆனால் குற்றத்தை வாங்கினவர் தலையில் போடுகிறார்கள். இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம். நீங்கள் பாவித்தது பிழை என்றால் எது பிழை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதையும் குறித்து வையுங்கள்.

இதற்கு மேல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இந்த வாரமே எழுதுங்கள். முதலில் 1977-க்கு அழைத்து விவரம் கேட்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது நம்முடைய உரிமை. ரசீது, வொரண்டி அட்டை இரண்டின் பிரதியையும் இணையுங்கள். ரசீது தரவில்லை என்றால் இப்போதும் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

இனிமேல் ஆட்கள் வராத மாதங்களில் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பொசிட்டிவ் முதலில். முனையில் வெள்ளைப் பொடி பூத்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். மூடி திறக்கிற பெட்டரிக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விடலாம். சீல் வைத்ததைத் திறக்கவே கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நம் சரிவுகள் பழக்கமில்லை. வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நீங்களோ உங்கள் ஆளோ முன், பின் பிரேக்கையும் நிறுத்தற்பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பிரேக் ஒயிலில் டொட் 3, டொட் 4 என்று இரண்டு போத்தல் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எது போட்டிருக்கிறதோ அது. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும், டொட் 4 குறைந்தது 230-இல். காற்றின் ஈரத்தைக் குடித்த பிறகு இவை 140, 155 என்று இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறி உள்ளே கொதித்தால் லிவர் வெறுமனே உள்ளே போகும். வருடத்தில் பாதி மூடுபனியில் இருக்கிற நம் ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தேன் நிறம் மாறிக் கோப்பி நிறத்துக்கு வந்திருந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். சின்னப் போத்தலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். பாதி பாவித்துத் திறந்து வைத்த போத்தலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில், இவற்றோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப் பிரேக்கே போய்விடும்.

கேள்வி: சேர்விஸ் ஸ்டேசனில் தண்ணீர்த் துப்பாக்கியால் கழுவுவது நல்லதா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சேற்றைக் கழுவத்தான் வேண்டும், சேறு அரத்தூள் மாதிரி பேட்டைத் தின்றுவிடும். ஆனால் துப்பாக்கியைப் பிரேக் டிரம், கேபிள் முனை, பெட்டரி ஆகிய இடங்களுக்கு நேராகக் காட்டச் சொல்லாதீர்கள். அங்கெல்லாம் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். கழுவி எடுத்ததும் சமதரையில் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக நாலைந்து தடவை பிடித்துப் பிடித்து விடுங்கள். டிரம்முக்குள் போன தண்ணீர் காய்ந்து பழைய பிடிப்பு வந்த பிறகே இறக்கத்தில் விடுங்கள்.