மேலே போனால் குரல் ஏன் உடைகிறது? கலப்புக் குரல் பற்றிக் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன: தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, ஏறும்போது குரல் இரண்டாகப் பிளக்கும் இடம். கீழே கனத்து ஒலிக்கும் மார்புக் குரலையும் மேலே மெலிந்து ஒலிக்கும் தலைக் குரலையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்துப் பாடுவதைக் கலப்புக் குரல் என்கிறோம். மெல்லிசைக்காரர்கள் மிக்ஸ்டு வாய்ஸ் என்பார்கள். கர்நாடக இசையும் மெல்லிசையும் கற்பிப்பவள் என்ற முறையில் என் பதில்களைத் தருகிறேன். புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்பவை ஸ ரி க ம ப த நி; மந்தர, மத்ய, தார ஸ்தாயிகள் என்பவை கீழ், நடு, மேல் ஸ்தாயிகள்; கட்டை என்பது பாடகர் வைத்துக்கொள்ளும் ஆதார சுருதியின் அளவு.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): டீச்சர், எனக்கு ஒரு கட்டை சுருதி. தார ஷட்ஜம் வரை நிம்மதியாகப் போகிறேன். காந்தாரத்தில் கத்துவதுபோல் ஆகிறது. மத்யமத்தில் சட்டென்று உடைந்து மெல்லிய குரலாக மாறிவிடுகிறது. இன்னும் பலமாகத் தம் கட்டிப் பாடினால் சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி. பலத்தைக் கூட்டுவதால்தான் உடைகிறது.

குரல்நாண்களைக் குறுக்கித் தடிமனாக்கும் தசை ஒன்று அந்த நாண்களுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றை இழுத்து நீட்டி மெலிதாக்கும் தசை வேறொன்று, குரல்வளையின் முன்புறத்தில் இருக்கிறது. கீழ் ஸ்வரங்களில் முதல் தசை ஓங்கி நிற்கும். சுருதி ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இரண்டாவது தசைக்கு இடம் கொடுக்க வேண்டும். நீங்கள் முதல் தசையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு, காற்றையும் அழுத்தித் தள்ளுகிறீர்கள். ஓர் எல்லைக்கு மேல் அது தாங்காமல் மொத்தமாக விட்டுவிடுகிறது. அதுதான் உடைவு.

ஒரு கட்டையில் உங்கள் தார ஷட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ், சுத்த மத்யமம் 349 ஹெர்ட்ஸ். பெரும்பாலான ஆண்களுக்குக் குரல் மாறும் பகுதி இந்த எல்லைக்குள்தான் அமைகிறது. ஆகவே உங்கள் குரலில் குறை இருப்பதாக நினைக்க வேண்டாம்.

அகாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. வாயைத் திறந்து 'ஆ' என்னும்போது தொண்டையும் வாயும் சேர்ந்த குழல், சுமார் 700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கிக் காட்டும். உங்கள் மத்யமத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் இரட்டிப்பு அதிர்வெண் 698. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் அங்கே குரல் திடீரென்று பெரிதாகிறது. அது நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவதால் பாடகர் அந்த ஒலியை விடாமல் துரத்துகிறார். வாய் இன்னும் விரிகிறது, குரல்வளை மேலேறுகிறது, பாட்டு கத்தலாகிறது. ரிஷபம் தாண்டியதுமே 'ஆ'வை 'ஓ' பக்கமாக மிகச் சிறிதளவு சாய்த்துப் பாருங்கள். கேட்பவர் காதுக்கு அது 'ஆ'வாகவே இருக்கும்.

பயிற்சியை மேலிருந்து தொடங்குங்கள். தார பஞ்சமத்தைத் தலைக் குரலில், மிக மெதுவாக 'ஊ' என்று பிடித்து, மத்ய பஞ்சமம் வரை அறுபடாமல் வழுக்கி இறங்குங்கள். மேலே கிடைத்த அந்த லேசான பிடியைக் கீழே கொண்டுவருவதுதான் நோக்கம். இறக்கத்தில் உடைவு மறைந்த பிறகு ஏற்றம். அதன்பின் 'மூ', 'மோ', 'மா'. ஒவ்வொரு கட்டத்திலும் பாதி ஒலிதான். நீங்கள் மாற்ற வேண்டியது இந்த ஒலியளவைத்தான். சத்தம் போட்டுப் பழகியவருக்கு மெதுவாகப் பாடுவது மிகக் கடினம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் இதைத் தவிர்க்க வழியில்லை.

கேள்வி (இல்லத்தரசி, கோயம்புத்தூர்): எனக்கு ஐந்தரைக் கட்டை. கள்ளக் குரலில் பாடக் கூடாது என்று என் குரு கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லும் கலப்புக் குரலும் கள்ளக் குரல்தானே அம்மா?

பதில்: இல்லை அம்மா. ஆனால் உங்கள் குருவின் கவலை மிகச் சரியானது. கள்ளக் குரலில் குரல்நாண்கள் முழுமையாக மூடுவதில்லை, காற்று கசிகிறது. அந்தக் குரலில் கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு) அழுத்தம் கிடைக்காது, பிருகாக்கள் (வேகமான ஸ்வரக் கோர்வைகள்) தெளிவாக விழாது. கலப்புக் குரலில் நாண்கள் மெலிந்திருந்தாலும் நன்றாக மூடுகின்றன. அதனால் ஒலிக்கு ஒரு முனை இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை செய்யுங்கள். தார ஷட்ஜத்தை மெதுவாகத் தொடங்கி, ஒரே மூச்சில் படிப்படியாகப் பெருக்கி, மறுபடி மெதுவாக்குங்கள். நடுவில் எங்கும் உடையாமல் போய்வந்தால் அது கலப்புக் குரல். பெருக்கும்போது உடைந்தாலோ, பெருக மறுத்துக் காற்றாகவே நின்றாலோ நீங்கள் கள்ளக் குரலில் இருக்கிறீர்கள். இதைக் குருவின் முன்னிலையிலேயே செய்துகாட்டுங்கள். கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

பெண்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்றும் இங்கே உண்டு. தார ஷட்ஜம் வரை முழுக் கனத்தையும் சுமந்து சென்று, அங்கே போய் லேசாக்கப் பார்க்கிறார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மத்ய பஞ்சமத்திலிருந்தே கனத்தைக் கழிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (சென்னை): மந்தர ஸ்தாயியில் சாதகம் (பயிற்சி) செய்தால் மேல் ஸ்தாயி தானாக வரும் என்கிறார்களே?

பதில்: மந்தர சாதகம் தொண்டையைத் தளர்த்தும், மூச்சை நிதானப்படுத்தும். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் மேலே தேவைப்படும் தசை ஒத்திசைவை மேலே பாடித்தான் பழக முடியும்.

கேள்வி (பெங்களூரு): தலைக் குரல் என்றால் ஒலி தலையிலிருந்தா எழுகிறது?

பதில்: ஒலி எழுவது எப்போதும் குரல்நாண்களில்தான். மார்பிலும் தலையிலும் பாடுபவர் உணரும் அதிர்வை வைத்து வந்த பெயர்கள் அவை. 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு, தாம் பாடும்போதே தம் குரல்நாண்களைப் பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை அறிக்கையாகவும் அளித்தார். குரல்வளையைக் கண்ணால் பார்த்து ஆராயும் வழக்கம் ஒரு பாட்டு ஆசிரியரால் வேரூன்றியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

கேள்வி (ஒரு தாய், திருச்சி): மகனுக்குப் பதின்மூன்று வயது. இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தான். இப்போது குரல் தாறுமாறாக உடைகிறது. கலப்புக் குரல் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அவனுடைய குரல்வளை வளர்ந்துகொண்டிருக்கிறது. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கப் போகிறது. பாட்டை நிறுத்தவும் வேண்டாம். சுருதியைக் குறைத்து, வசதியான ஸ்வரங்களுக்குள் குறைந்த நேரம் பாடட்டும். பழைய சுருதிக்கு இழுக்காதீர்கள். வீட்டில் யாரும் அவன் குரலைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் மனம் சுருங்கிப் பாட்டையே விட்டுவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர்.

கேள்வி (சேலம்): ஸ்ட்ராவில் ஊதிப் பாடும் பயிற்சி உண்மையிலேயே பயன் தருமா?

பதில்: தரும். குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே இதை ஆராய்ந்து பரவலாக்கியவர். குறுகிய வாயில் தடைபடும் காற்று கொஞ்சம் பின்னோக்கி அழுத்துவதால், குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகம் தணிகிறது. பாதி நிறைந்த தண்ணீர்ப் புட்டியில் ஸ்ட்ராவை ஓரிரு அங்குலம் அமிழ்த்தி, 'ஊ' என்று மேலும் கீழுமாக வழுக்குங்கள். குமிழிகள் சீராக வர வேண்டும். உடையும் இடத்தில் குமிழிகள் பொங்கினால், அங்கே காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்ட்ரா இல்லையென்றால், குழந்தைகள் பொம்மை வண்டி ஓட்டுவதுபோல் உதடுகளை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டுப் பாடினாலும் போதும்.

கேள்வி (தஞ்சாவூர்): பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம்?

பதில்: தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுவதும் தண்ணீர் குடியுங்கள். வறண்டிருக்கும் நாளில் வெந்நீர் ஆவி பிடியுங்கள்.

கேள்வி (மேடைப் பாடகர், ஈரோடு): திருவிழாக் கச்சேரிகளுக்குப் பிறகு இரண்டு மாதமாகக் கரகரப்பு. இந்தப் பயிற்சிகளால் சரிசெய்ய முடியுமா?

பதில்: முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள் ஐயா. மூன்று வாரம் தாண்டிய கரகரப்பை வைத்துக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. உள்நோக்கிக் கருவியால் குரல்நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சு இருந்தால் குரல் ஓய்வும் குரல் சிகிச்சையும் பெரும்பாலும் பலன் தரும். அதுவரை கச்சேரிகளை ஒத்திவையுங்கள். வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): பயிற்சியில் ஒட்டு நன்றாக வருகிறது டீச்சர். ஆனால் கீர்த்தனையில் அனுபல்லவி (பல்லவிக்கு அடுத்த பகுதி) தார ஷட்ஜத்தைத் தொட்டதும் பழைய கத்தல் திரும்பிவிடுகிறது.

பதில்: சாகித்யம் (பாட்டின் சொற்கள்) வந்தவுடன் தொண்டை பழைய பழக்கத்துக்கு ஓடும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருதியை ஒரு கட்டை குறைத்து, முதலில் ஸ்ட்ராவில் பாடுங்கள். அடுத்து, சொற்கள் இல்லாமல் 'மூ' என்று பாடுங்கள். பிறகு சாகித்யத்தின் உயிரெழுத்துகளை மட்டும் பாடுங்கள். கடைசியில்தான் முழுச் சொற்கள். கத்தல் எந்தச் சொல்லில் திரும்புகிறதோ அதற்கு முந்தைய ஸ்வரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நிஷாதத்திலேயே குரல் கனத்திருக்கும். அங்கே லேசாக்கிய பிறகு சுருதியை அரை அரைக் கட்டையாக உயர்த்துங்கள்.