கவசம் குறைந்த, வேகமான வீரனை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் சண்டையில் தாக்குப்பிடிப்பது எப்படி?

‘ஃபோர் ஹானர்’ என்ற வீடியோ கேமில் ஒரோச்சி என்ற வேகமான சாமுராய் வீரனையும், ‘எல்டன் ரிங்’ என்ற வீடியோ கேமில் இலேசான உடை போட்ட வாள்வீரனையும் எடுத்து விளையாடுவதாகவும், “எவ்வளவு வேகமாக விலகினாலும் அடி விழுகிறது, திருகோணமலையில் இணைய இணைப்பு மந்தம் என்பதுதான் காரணமா, பேசாமல் கனமான கவசத்துக்கு மாறிவிடலாமா” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊர்தான், இந்த வகை வீரர்களைத் தவிர வேறு யாரையும் விரும்பி எடுத்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விலகுவது தாமதமாக அல்ல, பெரும்பாலும் முந்தியே விலகுகிறீர்கள். வேகமான வீரனை எடுக்கும் எல்லோரும் செய்வது இது. கையில் வேகம் இருக்கிறது என்ற தைரியத்தில், எதிரி தோளை அசைத்த உடனே பட்டனை அழுத்திவிடுகிறோம். அனுபவமுள்ள எதிரி காத்திருப்பது அதற்காகத்தான்.

ஃபோர் ஹானரில் ஒரு மோதலை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். எதிரே இருகைக் கோடரியோடு ரெய்டர் என்ற வீரன். உங்கள் இடது பக்கத்தில் சிவப்புக் குறி தோன்றுகிறது: கனமான அடி ஒன்று புறப்பட்டுவிட்டது. நீங்கள் பதறி விலகுகிறீர்கள். அவன் அந்த அடியைப் பாதியிலேயே ரத்துச் செய்துவிட்டு, கார்ட் பிரேக் (காவலை உடைத்துப் பிடிக்கும் நகர்வு) போட்டு உங்களைப் பிடித்துவிடுகிறான். விலகிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிடியை உதற முடியாது. அருகில் சுவர் இருந்தால் அதில் மோதவைத்து முழு அடியும் தருவான். அவன் முதலில் ஓங்கிய கோடரியடி உண்மையில் வரவே இல்லை, உங்கள் அவசரத்தைத்தான் பிடித்தான்.

இப்போது அதே அடிக்குப் பொறுத்திருங்கள். ஒரு கட்டத்தைத் தாண்டினால் அவனாலும் அடியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு, கோடரி உங்கள் மேல் விழப்போகும் கடைசித் தருணத்தில், அடி வரும் திசையை நோக்கியே பாயுங்கள். இடது பக்க அடிக்கு இடது பக்கம், தலைக்கு மேலிருந்து வருவதற்கு முன்பக்கம். டிஃப்ளெக்ட் என்பது இதுதான். அடி சறுக்கிப் போகும், அவன் திறந்து நிற்பான், உங்கள் வாள் உள்ளே போகும். அடியிலிருந்து தப்பி ஓட நினைக்கும் மனம் அதை நோக்கிப் போகப் பழக வேண்டும். இந்த வகை வீரர்கள்மீது எனக்கு இருக்கும் காதலுக்கு இந்த ஒரு கணமே காரணம்.

ஆனால் எல்லா அடிக்கும் இதைச் செய்யப் போகாதீர்கள். உங்கள் இணைப்புக் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. இந்த விளையாட்டில் பல இலேசான அடிகள் அரை நொடியில், அதாவது 500 மில்லி நொடியில் வந்து விழும். கண்ணால் பார்த்துக் கை இயங்கவே மனிதருக்கு 200 முதல் 250 மில்லி நொடி ஆகும். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், அங்குள்ள சர்வரோடு விளையாடினால் போய்வர மட்டுமே 26 மில்லி நொடி. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே நடைமுறையில் இன்னும் கூடும். வைஃபை தடுமாற்றத்தையும், கேம் மோட் (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாத தொலைக்காட்சியின் தாமதத்தையும் சேர்த்தால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ரவுட்டரிலிருந்து வயர் இழுப்பதும், தொலைக்காட்சியில் கேம் மோட் போடுவதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வேகமான அடியைப் பார்த்து விலகலாம் என்று நம்பாதீர்கள். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும் பழக்கமுள்ளவன் என்று கவனித்து, அந்தப் பக்கம் காவலை வைத்துச் சாதாரணமாகத் தடுங்கள்.

தடுப்பது இந்த வீரர்களுக்கு ஆகாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 2017இல் விளையாட்டு வெளியானபோது, ஒரோச்சி போன்ற அசாசின் வகையினரின் காவல் சற்று நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்த எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் தடுப்பை ஒதுக்காதீர்கள்.

இதையெல்லாம்விட முதன்மையானது தூரம். எதிரியின் ஆயுதம் எட்டும் எல்லைக்கு அரை அடி வெளியே நில்லுங்கள். உங்களை அடிக்க அவன் ஒரு காலை முன்னே வைத்தாக வேண்டும். அந்தக் கால்தான் உங்களுக்கு முன்னறிவிப்பு. அடி வெறும் காற்றில் போனால், அவன் ஆயுதத்தை மீட்கும் நேரம் முழுவதும் உங்களுடையது. சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி பழக்குவார்கள். மூதூரில் சிலம்பம் பழகிய என் நண்பன் ஒருவன் முதன்முதலில் கன்ட்ரோலரைப் பிடித்த அன்றே எங்களைத் திணறடித்தான். பட்டன்கள் அவனுக்குப் பாதி தெரியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. “மச்சான், நீ கையைப் பார்க்கிறாய், நான் காலைப் பார்க்கிறேன்” என்றான்.

ஸ்டாமினாவை, அதாவது வீரனின் தெம்பைப் பற்றி ஒன்று மட்டும்: அது தீர்ந்து திரை மங்கினால் பின்னால் போய் மூச்சு வாங்குங்கள். அந்த நேரத்தில் பிடித்துத் தள்ளப்பட்டால் தரையில் விழுவீர்கள்.

எல்டன் ரிங்கில் உங்களுக்கு நேர்வது வேறு. அங்கே உருளும் பட்டனே ஓடுவதற்கும் பயன்படுவதால், விரலை எடுக்கும்போதுதான் வீரன் உருள்வான். பதற்றத்தில் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு தாமதம். தட்டி உடனே விடுங்கள். மார்கிட் போன்ற பெரிய எதிரிகள் தடியை ஓங்கியபடியே நிறுத்திவைத்துப் பிறகுதான் இறக்குவார்கள். ஓங்கும்போது உருண்டால் எழுந்திருக்கும்போது அடி விழும். இறங்கத் தொடங்கிய பிறகு, பின்னால் அல்ல, ஆயுதம் ஏந்திய கையின் பக்கமாக உள்ளே உருளுங்கள். ஓர் அடி கொடுங்கள். இரண்டாவது அடிக்கு ஆசைப்பட்டு, உருள ஸ்டாமினா இல்லாமல் நிற்காதீர்கள்.

கனமான கவசத்துக்கு மாறுவது பற்றி: எல்டன் ரிங்கில் சுமை, வீரன் தாங்கக்கூடியதில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் இலேசான உருளல், 70 சதவீதத்துக்குள் நடுத்தரம், அதைத் தாண்டினால் மந்தம். ஆகவே 70க்குள் நிற்கும்வரை நல்ல மார்புக்கவசம் தாராளமாகப் போடலாம். ஃபோர் ஹானரில் ஒரோச்சியையே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் களத்தில் எதிராளிக்கு ஒரே ஒரு கனமான அடியையும், அதே அடியின் ஏமாற்று வடிவத்தையும் மட்டும் கொடுத்து, மாறி மாறி வரவிடுங்கள். ஏமாற்றுக்கு அசையாமல் நின்று, உண்மையான அடிக்கு மட்டும் பாயும்வரை அதையே பழகுங்கள். இடது பக்கம் கைவந்த பிறகு வலது பக்கம்.