ஒரு டாம் மட்டும் சத்தம் தராத ட்ரம்ஸை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஆறு மாதமாக ட்ரம்ஸ் வகுப்புக்குப் போகிறாள். வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், அதனால் எலக்ட்ரானிக் ட்ரம்ஸ்தான் சரிப்படும். தான் பயன்படுத்திய ரோலண்ட் டிடி-11கே செட் ஒன்றை 22,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். "எல்லாம் நல்லா இருக்கு, ஒரு டாம் மட்டும் அப்பப்ப சத்தம் வராது, அவ்வளவுதான்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள். கோளாறு பேடில், அதாவது ஸ்டிக்கால் அடிக்கும் தட்டில், இருந்தால் சின்னச் செலவோடு போகும். அடியை ஒலியாக மாற்றும் பெட்டியான மாட்யூலில் இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இந்த செட்டின் உயிர் அந்தப் பெட்டிதான். மற்றதெல்லாம் கை கால்கள்.

இது 2012-ல் வந்த மாடல். வாசிப்பவர் முன்னால் இருக்கும் முக்கிய ட்ரம்மான ஸ்னேரின் மேற்பரப்பு மட்டும் மெஷ், அதாவது வலை. அதைச் சுற்றியுள்ள ட்ரம்களான மூன்று டாமும் ரப்பர். வயதானாலும் மாட்யூலின் ஒலி இன்றும் சோடை போகவில்லை. பழையது என்பதற்காக மட்டும் தள்ள வேண்டியதில்லை.

போகும்போது உங்கள் ஹெட்போனையும், அதைப் பெரிய ஜாக்கில் செருகும் அடாப்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலாக வாங்கிய பழைய செட்டை விற்றவர் பெரிய ஸ்பீக்கரில் போட்டு அதிரடியாக வாசித்துக் காட்டினார். மயங்கிப் பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிய பிறகுதான், பெடலை மிதித்தால் மூடிய ஒலி தர வேண்டிய ஹை-ஹேட் சிம்பல் மூடவே மாட்டேன் என்கிறது என்று தெரிந்தது. வாசிப்பை ரசிக்க நாம் போகவில்லை. ஸ்டிக்கை நாமே பிடிக்க வேண்டும். மகளையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

முதல் வேலையாக, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு மாட்யூலை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அவர் சேமித்து வைத்தவை அழிந்துவிடும், அதனால்தான் அனுமதி. யாராவது அந்த டாமின் சென்சிடிவிட்டியை, அதாவது அடியை உணரும் அளவை, குறைத்து வைத்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? சத்தம் வராதது இரண்டாவது டாம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா பேடுகளின் வயரும் ஒரே கட்டாகச் சேர்ந்து, 25 பின் கொண்ட அகலமான கனெக்டர் வழியாக மாட்யூலுக்குள் போகும். ஒவ்வொரு வயரின் நுனியிலும் எது எங்கே என்று குறி இருக்கும். முதல் டாமின் பிளக்கையும் இரண்டாவதின் பிளக்கையும் இடம் மாற்றிச் செருகி, இரண்டையும் அடித்துப் பாருங்கள். அதே இரண்டாவது டாம்தான் இன்னும் ஊமை என்றால் கோளாறு பேடில். சந்தோஷப்படுங்கள். பின்பக்கம் திறந்தால் நாணயம் மாதிரி ஒரு பித்தளைத் தகடு, அதன் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு, நூல் போல இரண்டு வயர்கள். அதுதான் பியசோ சென்சார். பெரும்பாலும் ஒரு வயரின் சால்டரிங் விட்டிருக்கும். தகடே போயிருந்தாலும் அதைக் கையோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கிவிடலாம். விலை மிகக் குறைவு.

இடம் மாற்றியதும் கோளாறு முதல் டாமுக்குத் தாவினால் பழி வயர் மேலோ மாட்யூல் மேலோ. வயரை வளைத்து, ஆட்டிக்கொண்டே அடியுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் வயர்தான். வயர்க்கட்டு தனியாகக் கிடைக்கும், அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். அந்த 25 பின்னில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எவ்வளவு ஆட்டினாலும் மாற்றமே இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

டாமை விட நான் அதிகம் பயப்படுவது ஹை-ஹேட் பெடலுக்குத்தான். சிம்பலைத் தட்டிக்கொண்டே பெடலை மெதுவாக மிதியுங்கள். "ஷ்ஷ்" என்று விரிந்த ஒலி படிப்படியாகச் சுருங்கி "டிக்" என்று அடைபட வேண்டும். முழுக்க மிதித்தும் "ஷ்ஷ்" மிச்சமிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. தினமும் காலடியில் கிடக்கும் உறுப்பு அது, தேய்வது இயல்புதான். ஆனால் விலையில் பேச வேண்டிய விஷயம். சிம்பலை அடித்த உடனே ஓரத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், ஒலி சட்டென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓரத்துச் சென்சார் போயிருக்க வாய்ப்பு அதிகம். இது டாம் போல வீட்டில் சால்டர் வைத்துச் சரிசெய்யும் சமாசாரம் இல்லை. ஸ்னேரை நடுவிலும் ஓரத்திலும் ஒரே பலத்தில் தட்டுங்கள். நடுவில் மட்டும் குண்டு போட்ட மாதிரி வெடித்தால், மெஷ்ஷுக்கு அடியில் சென்சார் மேல் உட்காரும் ஃபோம் கூம்பு நைந்திருக்கும் அல்லது மெஷ் தொய்ந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

அடாப்டர் ஒரிஜினல்தானா என்று பாருங்கள். இந்த மாட்யூலுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகடிவ். வீட்டு ரௌட்டரின் அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிடிவ். வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் இன்னும் கவனம்: அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. அங்கே மட்டும் ஓடும் அடாப்டரை நம் 230-ல் செருகினால் கதை முடிந்தது.

காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மின் பெடலும் ஸ்டூலும் இந்த செட்டோடு புதிதாக வாங்கும்போதே வராதவை. அவர் வைத்திருந்தால் அதே விலையில் சேர்த்துக் கேளுங்கள். சேர்த்துத் தந்தால், டாம் கோளாறு பேடில்தான் என்றால், 22,000-க்கு நானே வாங்குவேன். தராவிட்டால் இறக்கிப் பேசுவேன்.

மூன்றாவது மாடி என்றீர்களே, அது பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட்போன் போட்டால் உங்களுக்குத்தான் அமைதி. கிக் மிதிப்பது தளம் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் இடிக்கும், கம்பளம் போட்டாலும் முழுதாக அடங்காது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளைக் குழிகளில் உட்கார வைத்து ஒரு மேடை செய்துகொள்ளுங்கள். செட், ஸ்டூல், மகள் மூன்றும் அதன் மேல். கிரிக்கெட் விளையாடும் பையன்களிடம் தேய்ந்த பந்து கேட்டால் கூடை நிறையக் கொடுப்பார்கள்.

அப்புறம், கழற்றுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெஷ்ஷை இறுக்கும் அந்தச் சின்ன ட்ரம் கீ எப்போதும் விற்றவர் வீட்டு மேஜை டிராயரிலேயே தங்கிவிடும். வண்டியில் ஏற்றும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.