பில் இல்லாத பருத்தி விதையை வாங்கலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் மூன்று ஏக்கரில் மானாவாரிப் பருத்தி வைக்கிறேன். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி விதை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பில் தர மாட்டாராம். வாங்கலாமா? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறோம். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கலாமா?

பதில்: விதையை வாங்காதீர்கள். களைக்கூலி உங்களை எந்த அளவுக்கு நெருக்குகிறது என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

நம் நாட்டில் விவசாயிகள் சாகுபடி செய்ய விற்கப்படும் ஒரே மரபணு மாற்றப் பயிர், காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பிடி பருத்தி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் உள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2002இல் அதற்கு அனுமதி கொடுத்தது. இரண்டு பிடி மரபணு கொண்ட ரகங்கள் 2006இல் வந்தன. களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பருத்திக்கு இன்றுவரை அனுமதி இல்லை. ஆகவே அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. விதையில் கலப்பு இருந்தால், மருந்தடித்த சில நாட்களில் களையோடு பருத்தியும் வாடும். பில் இல்லாமல் யாரிடம் போய் நஷ்டம் கேட்பீர்கள்?

அந்தப் பருத்திக்கு அடிக்கச் சொல்லும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் வைத்தது. பருத்திக்கு அதைத் தெளிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. காற்று திரும்பினால் பக்கத்து வயலின் தக்காளியும் குச்சிக்கிழங்கும் கருகும். அண்ணன் தம்பி வயலாக இருந்தாலும் அது தகராறில்தான் முடியும்.

இன்னொன்றையும் பாருங்கள். பருத்தியில் ரோஜா மொட்டுப் போல் இதழ் ஒட்டிக்கொண்டு விரியாத பூ தென்பட்டால், பக்கத்தில் இருக்கும் பச்சைக் காயைக் கட்டைவிரலால் பிளந்து பாருங்கள். வெளியே ஓட்டை தெரியாது. உள்ளே விதையைக் குடைந்தபடி இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருக்கும். பிடி நஞ்சுக்கே அது பழகிவிட்டது. இதைத் தள்ளிப்போடத்தான் அனுமதி பெற்ற பையில் கொஞ்சம் பிடி அல்லாத விதையையும் கலந்து தருகிறார்கள். அந்தச் செடிகளில் வளரும் சாதாரண அந்துப்பூச்சி, எதிர்ப்புத்திறன் கொண்டதோடு இணைந்தால் அடுத்த தலைமுறையின் எதிர்ப்புத்திறன் குறையும். கள்ளப் பையில் இந்த ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. இந்தப் புழு தங்காமலிருக்க, அறுவடை முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடிகளை, வயலில் நிற்க விடாதீர்கள். அடுத்த பருவம் மக்காச்சோளத்துக்கு மாறுங்கள்.

களைக்கு வழி: விதைத்த மூன்று நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, களை முளைக்காமல் தடுக்கும் பெண்டிமெத்தலின் மருந்தைத் தெளியுங்கள், அளவை வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். ஊடுபயிராக உளுந்து போட்டால் அது நிலத்தை மூடிக்கொள்ளும். ஊடுபயிர் வேண்டாம் என்றால் வரிசைக்கு நடுவே பவர் வீடர் ஓட்டலாம். விதையை உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். பையில் குவியல் எண் (லாட் நம்பர்), காலாவதி நாள் பார்த்து, அந்தக் குவியல் எண்ணை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். காலிப் பையை அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் விதை ஆய்வாளரிடம் சொல்லலாம்.

பாலுக்குப் பயம் வேண்டாம். பிடி புரதம் மாட்டின் வயிற்றிலேயே செரித்துச் சிதைகிறது. பருத்திக்கொட்டையில் கவனிக்க வேண்டியது கோசிபால் என்ற இயற்கை நஞ்சு. நாட்டுப் பருத்தியிலும் அது உண்டு. வளர்ந்த மாடு அளவாகத் தின்றால் தாங்கிக்கொள்ளும். அசைபோடப் பழகாத கன்றுக்கு மட்டும் கொட்டையும் வேண்டாம், பருத்திப் புண்ணாக்கும் வேண்டாம்.