ஆறு பவுண்டு ஒயினில் ஒயின் எவ்வளவு?

கேள்வி: சனிக்கிழமை இரவு நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிப்போம். சூப்பர்மார்க்கெட்டில் 6 பவுண்டுக்குள் எது இருக்கிறதோ அதை எடுத்து வருவேன், முக்கால்வாசி வாயில் வைக்க முடியவில்லை. நல்லதாக வேண்டுமென்றால் 20 பவுண்டு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: 20 எல்லாம் வேண்டாம், இன்னும் 3 பவுண்டு போடுங்கள், போதும். பிரிட்டனில் அந்த 6 பவுண்டில் வாட் மட்டும் 1 பவுண்டு, கலால் வரி இரண்டரைக்கும் மேல், மிச்சமிருக்கிற இரண்டு பவுண்டு சொச்சத்தில் பாட்டில், மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போனால் உள்ளே இருக்கும் சரக்குக்கு என்ன தேறும்? சில்லறைதான். ஆனால் கலால் வரியை விலை பார்த்துப் போடுவதில்லை, ஆல்கஹால் அளவு பார்த்துத்தான் போடுகிறார்கள். அதனால் 9 பவுண்டு பாட்டிலுக்கும் அது ஏறக்குறைய அதேதான், வாட் மட்டும் அரை பவுண்டு கூடும். வரி போக மிஞ்சுவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

அந்த 9 பவுண்டைக் கொண்டுபோய் பிரான்சின் போர்டோ என்ற பெயருக்குக் கொட்டாதீர்கள். பெரிய பெயரின் அடிமட்டச் சரக்கைவிட, பெயர் பெறாத ஊரின் நல்ல சரக்கு மேல். ஸ்பெயினில் கலதாயூத், காம்போ தே போர்ஹா பக்கத்து கார்னாச்சா திராட்சை ஒயின், தெற்கு பிரான்சின் கோர்பியேர், சிலியின் கார்மனேர் திராட்சை ஒயின் (1994 வரை இதை மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நினைத்தே வளர்த்துக்கொண்டிருந்தார்கள்!) இவற்றில் தேடுங்கள். அப்புறம், பாட்டில் கனமாக இருந்தால் ஒயின் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், கண்ணாடிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கேள்வி: காரமான மட்டன் குழம்போடு எந்த ரெட் ஒயின் சேரும்?
– வாசகி, ஹாரோ

பதில்: துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடுதலாக உள்ள ஒயின் என்றால் காரம் இன்னும் எரியும். துவர்ப்பு குறைவான போஜோலே என்ற பிரெஞ்சு ரெட் ஒயின் வாங்கி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ரெட் ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்று மச்சான் யாராவது பாடம் எடுத்தால், சரி சரி என்று கேட்டுவிட்டு அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றுங்கள்.

கேள்வி: பாதி பாட்டில் மிஞ்சினால்?
– வாசகர், இல்ஃபோர்ட்

பதில்: இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும்.