அப்பாவின் நடுக்கத்தைப் படமெடுக்கலாமா?

கேள்வி: பார்க்கின்சன் நோயுள்ள என் அப்பாவைப் பற்றிக் கைப்பேசியில் சிறு ஆவணப்படம் எடுக்க விரும்புகிறேன். நடுக்கத்தைக் காட்டுவது அவரை அவமதிப்பதாகுமோ?
– வாசகி, திருவையாறு

பதில்: அப்பாவிடமே கேளுங்கள், ஒருமுறை சம்மதித்தது போதுமென விட்டுவிடாமல், எடுத்ததை அவ்வப்போது போட்டுக் காட்டி, அவர் வேண்டாமென்பதை அழித்துவிடுங்கள். இந்நோயில் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகுந்து, வேலையில் ஈடுபடும்போது தணியும் என்பதால், மடியில் நடுங்கிக் கிடக்கும் கை, கொழுந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவும் வரை வெட்டாமல் ஒரே காட்சியாக எடுங்கள். அவர் வெறும் நோயாளியாகத் தெரியமாட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுங்கினால் கேமராவின் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படச்சட்டமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 நொடி என வையுங்கள்; திண்ணையில் விழும் காலை வெளிச்சம் அதைவிட மேல். அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடும் அம்மாவும் படத்தில் வருவார் அல்லவா? அவரிடமும் தனியே சம்மதம் கேளுங்கள்.