கணினியில் என்ஜின் சக்தியைக் கணக்கிடுவது: கேள்வி பதில்

பெட்ரோல், நான்கு ஸ்ட்ரோக், கார் என்ஜின். இந்த எல்லைக்குள் கேளுங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அளவு தருகிறவர்கள், வால்வு திறந்திருக்கும் அந்த டிகிரி எந்த லிஃப்டில் (எத்தனை மி.மீ. தூக்கிய நிலையில்) அளந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். அது இல்லாத கேம் கேள்விக்குப் பதில் வராது.

ஜிப்ஸிக்காரன்: அண்ணா, மாருதி ஜிப்ஸி 1.3 எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்). ஹெட்டை 0.5 மி.மீ. ஃபேஸிங் பண்ணி (அடிப்பக்கம் சீவி) ராலி கேம் போடலாம்னு இருக்கேன். என்ஜின் அனலைசர் மென்பொருள்ல 6000 ஆர்பிஎம்ல 130 எச்.பி. காட்டுது. நம்பலாமா?

நம்ப வேண்டாம் தம்பி. 6000-இல் 130 எச்.பி. என்றால் டார்க் 154 நியூட்டன் மீட்டர். அதை 0.1257-ஆல் பெருக்கி, லிட்டரால் (1.299) வகுத்துப் பாருங்கள். பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் 14.9 பார் வருகிறது. டர்போ இல்லாத முழு ரேஸ் என்ஜின்கள்தான் அந்தப் பக்கம் போகும். உங்கள் வண்டியின் கம்பெனிக் கணக்கு 4500-இல் 103 நியூட்டன் மீட்டர், அதாவது 10 பார்.

முதலில் எதையும் மாற்றாத என்ஜினை உள்ளே ஏற்றுங்கள். போர் 74, ஸ்ட்ரோக் 75.5. கம்ப்ரஷன் விகிதத்தைப் புத்தகத்தில் பார்த்துப் போடாமல் அளந்து போடுங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு சீட்டில் லேசாக கிரீஸ் தடவி, பிளக்கை மாட்டி, மேலே ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு வைத்து, பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு அளக்க வேண்டும். காஸ்கெட் கனம், பிஸ்டன் தலையின் குழி, டெக் இடைவெளி (உச்சியில் பிஸ்டனுக்கும் பிளாக் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் அதோடு சேரும். ஒரு சிலிண்டர் 324.7 சி.சி.; பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் மொத்த இடம் 40.6 சி.சி. என்றால் கம்ப்ரஷன் 9.0. அளவில் 1 சி.சி. குறைந்தாலே 9.2 ஆகிவிடும்.

அந்த மாடல் 80 எச்.பி.க்கும் 103 நியூட்டன் மீட்டருக்கும் ஐந்து சதத்துக்குள் வந்தால் போதும். வராவிட்டால் உராய்வு எண்ணைத் திருகி வரவைக்காதீர்கள், அப்புறம் எல்லா ஆர்பிஎம்மிலும் பொய் சொல்லும். பெரும்பாலும் தப்பு ஹெட் ஃப்ளோவில் (ஹெட் வழியாகப் போகும் காற்றின் அளவு) இருக்கும். 10 அங்குல நீர் அழுத்தத்தில் எடுத்த ஃப்ளோ அளவை 28 அங்குலக் கட்டத்தில் அப்படியே போட்டால், ஹெட் உள்ளதை விட 40 சதம் குறைவாக விடுவதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். 1.67-ஆல் பெருக்கிப் போடுங்கள்.

ஃபேஸிங்குக்கு வருவோம். சேம்பர் முழு வட்டம் என்றே வைத்தாலும் 0.5 மி.மீ. எடுத்தால் 2.15 சி.சி. குறையும், கம்ப்ரஷன் 9.0-இலிருந்து 9.45. வெப்பத்திறன் கணக்கில் லாபம் 1.4 சதம், ஏறத்தாழ ஒரு எச்.பி. அதற்காக வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டரை இழக்கிறீர்கள். ஓவர்ஹெட் கேம் என்பதால், ஹெட் இறங்கினால் கேமும் கொஞ்சம் பின்தங்கும். மென்பொருளில் இந்த இரண்டும் தானாக மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். ராலி கேமின் டிகிரி எந்த லிஃப்டில் அளந்தது?

முதல் கியர்: இலவச மென்பொருள் எது சார்?

வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்வாம் இலவசம். குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையையும் கணக்கிடும். ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாது. ஜிடி-பவர், ஏவிஎல் பூஸ்ட் கல்லூரி உரிமத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

மணிமாறன்77: லேப்டாப் என்ன வேணும்?

இருப்பதே போதும்.

டைனோதாசன்: மென்பொருள் 95 எச்.பி. சொல்லுது, ரோலர் டைனோல (சக்கரத்தை உருளையில சுத்த விட்டு அளக்கிற மெஷின்) 80தான் வருது. கியர், ஆக்ஸில் இழப்புன்னு 15 சதம் கழிச்சா சரியா வருதே?

தற்செயலாக வருகிறது. 15 சதம் என்பது யாரோ வசதிக்குச் சொன்ன எண். குறுக்கே பொருத்திய முன்சக்கர என்ஜினுக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் ஆக்ஸில் எல்லாம் சுற்றும் ஜிப்ஸிக்கும் ஒரே சதம் எப்படி வரும்? போதாததற்கு டயர் காற்றும், பெல்ட்டால் கட்டி இறுக்கும் இறுக்கமும் ரோலர் மேல் எண்ணை மாற்றும்.

ஸ்பேனர்: குறுக்கிடுகிறேன். கியர் பல் உராய்வு சுமையோடு கூடும். அப்போ சதக் கணக்கு சரிதானே?

பாதி சரி. பல் உராய்வு சுமையோடு கூடும். ஆயில் கடைவது, சீல், பேரிங் இழுப்பு ஆகியவை வேகத்தோடு கூடும், சுமையைக் கண்டுகொள்ளாது. 80 எச்.பி.யில் 12 போகிறது என்றால், டர்போ போட்டு 160 ஆக்கும்போது 24 போகாது. அதே ஆர்பிஎம்மில் 12-க்கு மேல், 24-க்குக் கீழ் எங்கோ நிற்கும்.

டைனோதாசன்: அப்ப எதை நம்புறது?

இரண்டையும் தனித்தனியாக. அதே ரோலரில் முன்பு ஒன்று, பின்பு ஒன்று, வித்தியாசத்தைப் பாருங்கள். மென்பொருளிலும் அப்படியே. முதலில் எந்தத் திருத்தக் காரணியில் (அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் கணக்கு) அச்சடித்தார்கள் என்று கேளுங்கள். பழைய 'எஸ்டிடி' கணக்கு 15.6 டிகிரியில், எஸ்ஏஇ ஜே1349 25 டிகிரியில். ஒரே ஓட்டத்துக்கு முதல் கணக்கு நான்கு சதம் கூடவே காட்டும்.

காற்றாடி: ஏர் ஃபில்டர் மாத்தினா எத்தனை எச்.பி.?

பழைய ஃபில்டர் அடைத்திருந்தால் ஒழிய சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஃபார்முலா மாணவன்: சார், எங்க அணிக்கு 373 சி.சி. கேடிஎம் ஒற்றை சிலிண்டர். 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (உள்ளே போற காற்றை அடக்குற துளை) விதி. பிளீனம் (அதுக்குப் பின்னால காற்று தங்குற பெட்டி) எத்தனை லிட்டர் வைக்கணும்?

நல்ல கேள்வி. 20 மி.மீ. துளை, 27 டிகிரி காற்று: ஒலி வேகத்தைத் தொட்டதும் விநாடிக்கு 0.074 கிலோவுக்கு மேல் போகாது. துளையின் வடிவ இழப்போடு 0.07 என்று வையுங்கள். நாலு சிலிண்டருக்கு உறிஞ்சல் ஏறக்குறைய தொடர்ச்சி. உங்களுக்கு 720 டிகிரிக்கு ஒரே இழுப்பு. சராசரி ஓட்டம் எல்லைக்குள் இருந்தாலும், இழுக்கும் அந்த நேரத்தில் துளை அடைத்துக்கொள்ளும். பிளீனம் இல்லாமல் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு இங்கேதான் வரும்.

2, 3, 4, 5 லிட்டர் என்று நான்கு மாடல் ஓட்டுங்கள். ரெஸ்ட்ரிக்டருக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை கிராங்க் டிகிரியோடு வரைந்தால், எந்த அளவுக்கு மேல் அலை தட்டையாகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதற்கு மேல் பெரிதாக்கினால் பலன் குறையும், த்ராட்டில் மந்தமாகும். மந்தம் நிலையான ஆர்பிஎம் ஓட்டத்தில் தெரியாது, த்ராட்டில் திறப்பை நேரத்தோடு மாற்றி ஓட்டினால்தான் தெரியும். ரெஸ்ட்ரிக்டரை வெறும் ஓட்டையாகப் போடாமல், பின்பக்கம் மெல்ல விரியும் கூம்பாகப் போடுங்கள். கேம் டிகிரி எந்த லிஃப்டில் என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள்.

மலைப்பாதை: ஊட்டியில எவ்ளோ குறையும்?

2240 மீட்டரில் அழுத்தம் 77 கிலோபாஸ்கல். கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிர்ச்சி கொஞ்சம் ஈடுகட்டி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மென்பொருளில் இரண்டையும் மாற்றுங்கள்.

முதல் கியர்: கிராக் பண்ணின காப்பி கிடைக்குமா?

கிடைக்காது. இலவசம் எது என்று மேலே சொல்லியாயிற்று.

கைப்பேசி டைனோ: ஓட்டிப் பார்த்து ஆப்ல எச்.பி. எடுக்கிறது சரியா வருமா?

எடையும் சாலையும் சரியாக இருந்தால் வரும். ஆளோடு 1000 கிலோ, மூன்றாம் கியரில் 60-இலிருந்து 80-க்கு 3 விநாடி என்று வையுங்கள். வேகம் ஏற்ற 36 கிலோவாட், காற்றுக்கு 3, டயருக்கு 2.5. மொத்தம் சக்கரத்தில் 41.5, அதாவது 56 எச்.பி. சாலை ஒரு சதம் சரிந்திருந்தாலே 2 கிலோவாட் பொய். ஒரே இடத்தில் போக ஒன்று, வர ஒன்று எடுத்து சராசரி போடுங்கள். டேங்க் நிறைய இருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும். 40 லிட்டர் என்பது 30 கிலோ.

கரும்புகை: டீசல் காமன் ரெயிலுக்கு?

எல்லைக்கு வெளியே.

கேம்பிரியன்: 264 டிகிரி கேம் போட்டா பீக் பவர் எந்த ஆர்பிஎம்ல வரும்?

எந்த லிஃப்டில்?

கேம்பிரியன்: மன்னிக்கணும். சீட்டில் (வால்வு எழும்பத் தொடங்குற இடத்தில்) 264, 1 மி.மீ.யில் 226. நான் 264-ஐ 1 மி.மீ. கட்டத்துல போட்டிருந்தேன்.

அதனால்தான் கீழே டார்க் செத்து, பீக் மேலே எங்கேயோ போயிருக்கும். இன்டேக் உண்மையில் மூடுவதை விடப் பல டிகிரி தாமதமாக மூடுவதாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஜிப்ஸிக்காரரின் 130-க்கும் இதே காரணம் இருக்கலாம், அவரும் பார்க்கட்டும். 226-ஐ அந்தக் கட்டத்தில் போட்டு, சீட் கட்டத்தில் 264-ஐப் போட்டு, லோப் (கேமின் புடைப்பு) நடுக்கோட்டை டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து அளந்து எழுதுங்கள். டேப்பட் இடைவெளி விட்டு அளந்தீர்களா, விடாமலா என்பதும் வேண்டும். அப்புறம் பீக்கைப் பேசலாம்.